பின்வரிசை டிரம்களின் லாபம்

நான் கையெழுத்துப் போட்ட நாலு பேலன்ஸ் ஷீட்டில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஆடிட்டர் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார். அந்த இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த தாளைத் திருப்புவேன். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்துக்காகக் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த அவர் ஆபீசுக்கு அத்தனை படி ஏற வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு அப்போதிருந்த ஒரே குறை.

இப்போது யாராவது சின்னதாகக் கடையோ பட்டறையோ வைத்துக்கொண்டு, "கணக்கெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாருங்க" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரை முகத்துக்கு நேராக வைதும் இருக்கிறேன். அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்துப் போயிருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

எங்களுடையது தைலம் காய்ச்சும் தொழில். கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஓடை ஓரமாக ஒரு தகரக் கொட்டகை, மூன்று பெரிய சட்டிகள், ஏழெட்டு ஆட்கள். யூகலிப்டஸ் இலையை, எங்கள் பக்கம் கற்பூர மரம் என்போம், சட்டியில் திணித்துத் தண்ணீர் ஊற்றி, மூடி, அடியில் தீ எரித்தால், ஆவி குழாய் வழியாகப் போய் ஓடைத் தண்ணீரில் குளிர்ந்து, தைலமும் தண்ணீருமாக ஓர் அண்டாவில் வந்து விழும். தைலம் மேலே மிதக்கும். அதை வழித்து டிரம்மில் ஊற்றுவோம். ஊட்டிக்கு வருகிற ஜனங்கள் பாட்டில் பாட்டிலாக வாங்கிக்கொண்டு போவார்களே, அதேதான். பாட்டிலை மூக்கில் வைத்து உறிஞ்சிப் பார்த்து, "ஒரிஜினல்தானா?" என்று கேட்கும் அந்தக் கூட்டத்தை எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. ஆனால் அவர்கள் காசில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

பங்குதாரர்கள் இரண்டே பேர். நானும் என் மனைவியின் அண்ணனும். பாதிக்குப் பாதி. கொட்டகை, ஆட்கள், காய்ச்சுவது, வருஷக் கடைசியில் சரக்கை அளப்பது எல்லாம் என் பொறுப்பு. கணக்கு எழுதுவது, பாங்கு, ஆடிட்டர் மச்சானுடைய பொறுப்பு. நான் குன்னூரில் இருந்தேன், அவர் கோத்தகிரியில். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பேசவே மாட்டார். நாம் பத்து வார்த்தை சொன்னால் "செரிங்க மாப்ள" என்று ஒரு வார்த்தை வரும். பேசாத மனிதர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மனதுக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று யார் கண்டது?

நாலாவது வருஷம் ஆடிட்டர் அலுவலகத்தில் வழக்கம்போல் பேனாவை எடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "எழுபத்து மூவாயிரம் லாபம் சார். போன வருஷத்தைவிட நல்லா இருக்கு. உங்க பங்குக்கு வரி மட்டும் ஏழாயிரம் வருது. மாசக் கடைசிக்குள்ள கட்டிடுங்க" என்றார்.

அன்று காலையில்தான் பாங்கில் பாஸ்புத்தகத்தைப் பதிந்து வாங்கியிருந்தேன். எங்கள் கணக்கில் நானூற்றுச் சொச்சம் ரூபாய் இருந்தது.

"எழுபத்து மூவாயிரம் எங்க சார் இருக்குது?" என்று கேட்டேன்.

"எங்க இருக்குதுன்னா? கணக்குல இருக்கு."

"பாங்குல இல்லீங்களே."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. "லாபம் வேற, பணம் வேற சார். அதெல்லாம் சொன்னா உங்களுக்குக் குழப்பமா இருக்கும். உங்க மச்சானுக்குத் தெரியும், அவரைக் கேளுங்க."

ஒரு வாத்தியார்கூட என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். லாபம் வந்திருக்கிறது, பணம் இல்லை. பணத்தைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர்தான். அவர் போன வருஷம் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை போட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சனிக்கிழமை கூலி நாள். மச்சான் கோத்தகிரியிலிருந்து பணப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆட்கள் எல்லாரும் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்கள். நான் அவர் பையைத் திறக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"பாங்குல நானூறு ரூபா இருக்குது. கூலிப் பணம் எங்கிருந்து வந்துச்சு?" என்றேன்.

"கைமாத்து வாங்கியாந்தனுங்க மாப்ள."

"எழுபத்து மூவாயிரம் லாபம்னு ஆடிட்டர் சொல்றாரு. எம் பணத்த வாயில போட்டுக்கிட்டு எனக்கே கைமாத்துக் கதை உடறீங்களா? ஊட்டுக்குக் கான்கிரீட் போட்டீங்களே, அது எந்தக் கைமாத்து?"

அவர் பையைத் திறந்து கூலிப் பட்டியலை எடுத்தார். அந்த நிதானம் எனக்கு இன்னும் வெறியேற்றியது. திருடன் என்றேன். ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை. ஆட்களுக்கு எதிரே, அவர் கையில் வளர்ந்த தங்கையைக் கட்டியவன், வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூலி கொடுத்து முடித்தார். பிறகு பேரேடு, செக் புத்தகம், நாலு வருஷத்து ஃபைல், அலமாரிச் சாவி எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்து விறகு அடுக்கின் மேல் வைத்தார்.

"எல்லாம் இருக்குதுங்க மாப்ள. ஒருக்காப் படிச்சுப் பாருங்க. படிச்சதுக்கப்பறமும் திருடன்னு சொன்னீங்கன்னா, நான் ஒத்துக்கறனுங்க" என்றார். ரோட்டுக்கு ஏறிப் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"எனக்கு அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்ல. பொறந்த ஊடுன்னு சொல்லிக்க அந்த ஒரு ஊடுதான். அதையும் அடச்சுப்போட்டு வந்துட்டீங்களா?"

"உங்கண்ணன் எடுக்காம பணம் எங்கடி போவும்?"

"எடுத்திருந்தார்னா நானே போய்ச் சண்ட போட்டு வாங்கியாரேன். எடுக்கலீன்னா? அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

 பதிலுக்குக் கத்தினேன். அவள் அந்த ஃபைலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இருந்த அம்மாள் அருவங்காட்டுப் பக்கம் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். எனக்கும் அவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. எங்கள் கூரைத் தண்ணீர் அவருடைய பீன்ஸ் பாத்தியில் விழுகிறது என்று ஆரம்பித்தது. நான் ஏதோ சொல்ல, அவர் அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க, அதோடு சரி. என் மனைவி மட்டும் கிண்ணம் கொடுத்துக் கிண்ணம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் கழித்து மனைவி வந்து, "அக்கா உங்களயும் வரச் சொல்றாங்க" என்றாள்.

போக எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் அண்ணனும் தங்கையும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிடக் கூடாதே என்று போனேன். அந்த அம்மாள் மேஜை மேல் தாள்களைப் பரப்பி, கையில் அடிக்கோலும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. பேசியது முழுக்க என் மனைவியிடம்.

"உங்க வீட்டுக்காரருக்கு இதுல எது என்னன்னாவது தெரியுமான்னு கேளு."

"இங்கிலீஷ்ல இருக்குது. நெம்பர் தெரியும்" என்றேன்.

"நம்பர் தெரியுமாம்" என்று மனைவியிடம் சொன்னார். "சரி. அவருக்குச் சொல்லு. இந்தத் தாள் லாப நஷ்டக் கணக்கு. வருஷம் பூரா என்ன நடந்ததுன்னு சொல்றது. இந்தத் தாள் பேலன்ஸ் ஷீட். மார்ச் முப்பத்தொண்ணாந் தேதி சாயங்காலம் என்ன நிலைமைன்னு சொல்றது. அன்னிக்குக் கையில என்ன இருந்துச்சு, யாருக்கு என்ன தரணும், யாரோட முதல், அதாவது முதலீடு, எவ்வளவு. அவ்வளவுதான். ஒரு வருஷத்துத் தாளை மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது. நாலையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும்."

வைத்தார். அடிக்கோலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார். விற்பனை, நாலு வருஷமும் கிட்டத்தட்ட ஒரே தொகை. இலை, விறகு, கூலி, லாரி வாடகை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருந்தது. அடிக்கோல் ஒரு வரியில் நின்றது.

"இதைப் படிக்கச் சொல்லு."

எண்களை வாசித்தேன். முப்பத்தாறாயிரம். அடுத்த வருஷம் அறுபதாயிரம். அடுத்தது எண்பத்தெட்டாயிரம். கடைசியில் ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம்.

"இது சரக்கு இருப்பு. வருஷக் கடைசியில விக்காம நிக்கிற சரக்கு. காய்ச்சின செலவு இந்த வருஷம் ஆயிடுச்சு, விக்கிறது அடுத்த வருஷம். அதனால நிக்கிற சரக்குக்கு ஒரு விலை போட்டு வரவுப் பக்கம் சேர்ப்பாங்க. சரக்கு கூடினா லாபமும் கூடும். பணம் எங்கேன்னு கேக்கறாரே உங்க வீட்டுக்காரர், பணம் எங்கேயும் போகலை. இந்தக் கணக்குப்படி சரக்கா நிக்குது. விற்பனை ஏறலை, சரக்கு மட்டும் மூணரை மடங்கு ஏறியிருக்கு. ஏன்னு போய்ப் பார்க்கச் சொல்லு. நாலு வருஷமாக் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்ட மனுஷன், இப்பவாவது கண்ணைத் திறக்கட்டும்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். திட்டு வாங்கினதுகூட உறைக்கவில்லை. அகப்பட்டுக்கொண்டார் மச்சான்! தாளில் ஒன்றே கால் லட்சத்துக்குச் சரக்கு, ஆனால் கொட்டகையில் இருக்கப்போவதில்லை. ரகசியமாக விற்றுக் கான்கிரீட் போட்டிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் ஜீப்பில் கட்டபெட்டுக்குப் போய், கொட்டகையின் பின்னாலிருந்த சரக்கு அறையைத் திறந்தேன். முன்வரிசையில் நல்ல தைலம் நிரம்பிய டிரம்கள். பின்வரிசையில், சுவரை ஒட்டி, பதினைந்து டிரம்கள். நான் அளக்கும் மூங்கில் குச்சியை எடுத்தேன். விரல் விரலாகக் கோடு கீறியது, நானே செய்தது. ஒவ்வொரு மூடியாகத் திருகி, குச்சியை அடிவரை விட்டு, ஈரம் ஏறிய கோட்டைப் பார்த்தேன். ஒரு சாண், ஒன்றரைச் சாண், ஒரு சாண். மோந்து பார்த்தால் தைல நெடி மூக்கை எரித்தது. ஃபைலில் இருந்த மார்ச் மாதச் சரக்குப் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒரு விரல்கூடக் குறையவில்லை.

சரக்குத் திருட்டுப் போகவில்லை என்று தெரிந்து வருத்தப்பட்ட முதலாளி உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சரி, திருடன் இல்லாவிட்டால் சோம்பேறி என்று முடிவு கட்டினேன். இவ்வளவு சரக்கை விற்கத் துப்பில்லாமல் வைத்துக்கொண்டு கைமாற்று வாங்குகிறார் என்றால் வேறென்ன? நான் விற்றுக் காட்டுகிறேன் பார் என்று மேட்டுப்பாளையத்து வியாபாரி ஒருவருக்குச் சொல்லியனுப்பினேன். பின்வரிசை முழுக்க எடுத்துக்கொள்ளலாம், ரொக்கம் வேண்டும் என்றேன். புதன்கிழமை லாரியோடு வந்தார்.

அவர் குச்சி கொண்டுவரவில்லை. நீளமாக ஒரு கண்ணாடிக் குழாய் கொண்டுவந்திருந்தார். அதை டிரம்முக்குள் அடிவரை விட்டு, மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். குழாயில் ஒரு சாண் உயரத்துக்குக் கலங்கலான தண்ணீர். அதற்கு மேலே அரை விரல் கனத்துக்கு மஞ்சளாகத் தைலம்.

அடுத்த டிரம். அதுவும் அப்படியே. அதற்கடுத்தது. ஏழாவது டிரம்மோடு அவர் குழாயைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டார்.

"ஏனுங்க, தண்ணி ஏத்தறதுக்கா மலைக்கு மேல லாரி கூப்டீங்க? வாடகைய யாருங்க தரது?"

வாடகையைக் கடன் சொன்னேன். அவர் போகும் வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, கொட்டகைக்குள் நின்று கூப்பாடு போட்டேன். மச்சான் தண்ணீரைக் கலந்துவிட்டார், தைலத்தை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார், விடமாட்டேன், போலீசுக்குப் போகிறேன் என்று என்னவெல்லாமோ கத்தினேன். சட்டிக்குள் இலை திணித்துக்கொண்டிருந்த அம்மாள் வேலையை நிறுத்தினார். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். எங்களிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்தவர்.

"கலக்கேல்ல ஐயா" என்றார். "அது அடித்தண்ணி. தைலம் வழிக்கக்குள்ள கொஞ்சம் தண்ணியும் சேர்ந்து வருந்தானே. டிரம்மில மேலுக்கு இருக்கிற தைலத்தைக் குழாய் வச்சு எடுப்பம். தண்ணி வரத் தொடங்கினா நிப்பாட்டிப் பின்னுக்குத் தள்ளி வைப்பம். மழை விட்டாப்பிறகு திரும்பக் காய்ச்சி எடுக்கலாம், ஓரமா வையுங்கோன்னு நீங்கதானே ஐயா சொன்னது."

நான்தான் சொன்னேன். முதல் வருஷத்து மழைக்காலத்தில், அவசரமாக ஒரு லோடு போக வேண்டியிருந்த நாளில். மழை விட்டது. திரும்பக் காய்ச்ச யாருக்கும் நேரமில்லை. அடுத்த மழைக்கு இன்னும் நாலு டிரம் பின்னால் போனது.

"எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

"உங்களுக்குத் தெரியுந்தானேன்னு நினைச்சம். வருசா வருசம் நீங்கதானே குச்சி விட்டுப் பார்க்கிறது."

மேலே மிதக்கும் அரை விரல் தைலம் குச்சியில் படும். மணக்கும். குச்சிக்குத் தைலமும் தண்ணீரும் ஒன்றுதான், நனைந்த உயரத்தைத்தான் அது காட்டும். தைலத்தில் கிடந்து வளர்ந்தவன் நான். தண்ணீர் அடியில் நிற்கும் என்பது எங்கள் கொட்டகையில் நேற்று வந்த ஆளுக்குக்கூடத் தெரியும். அப்படியிருந்தும் நாலு மார்ச் மாதம், டிரம் டிரம்மாக அளந்து, லிட்டருக்கு இன்ன விலை என்று பெருக்கி, தண்ணீரைத் தைலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஃபைலைப் பிரித்தேன். நாலு பட்டியலும் என் கையெழுத்து. பின்வரிசை என்று தலைப்புப் போட்டு எழுதி, அடியில் கையொப்பமும் போட்டிருந்தேன். மூன்றாவது வருஷத்துப் பட்டியலின் ஓரத்தில் மச்சானுடைய பொடி எழுத்தில், பென்சிலில், "பின்வரிசை ஏன் விற்கவில்லை? கேட்க வேண்டும்" என்று இருந்தது. அதன் கீழே, "கேட்டேன். அளப்பது என் வேலை, எழுதுவது உங்கள் வேலை என்றார்."

அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சொன்ன குரல்கூட ஞாபகம் வந்தது.

மச்சான் மேலேயும் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. சந்தேகம் வந்த மனுஷன் ஒரு டிரம்மைச் சாய்த்துப் பார்த்திருக்கக் கூடாதா? பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டால் ஆயிற்றா? கணக்கு எழுதுகிறவர்கள் கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டார்கள், கொட்டகையில் நிற்கிறவன் கணக்கைத் திறக்க மாட்டான். ஆடிட்டரோ நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே டைப் அடித்து, வாழ்த்தும் சொல்லி, ஃபீஸும் வாங்கிக்கொண்டார். எல்லாரையும் நாள் முழுக்கத் திட்டலாம். பட்டியலில் இருந்தது என் கையெழுத்து.

சாயங்காலம் ஃபைலோடு நானே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். மனைவியும் பின்னால் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. புதுத்தாள் ஒன்றை எடுத்துக் கோடு போட்டார்.

"நல்ல சரக்கு எவ்வளவு?"

"முன்வரிசை மட்டும். முப்பத்திரண்டாயிரம் பெறுமுங்க."

"அப்ப தண்ணி தொண்ணூத்திரண்டாயிரம். வராத லாபத்தை ரெண்டு பேர் முதல்லயும் பாதிப் பாதியாச் சேர்த்திருக்காங்க. இப்ப அதைக் கழிக்கணும். ஆளுக்கு நாப்பத்தாறாயிரம்." பென்சில் ஓடியது. "உங்க மச்சான் முதல்ல எழுபத்தெட்டாயிரம் இருக்கு. கழிச்சா முப்பத்திரண்டு நிக்குது. உங்க முதல்ல இருபத்தெட்டாயிரம்தான் இருக்கு."

"லாபம் ஆளுக்குப் பாதிதானுங்களே. எனக்கு மட்டும் எப்படிக் கம்மியாச்சு?"

அடிக்கோலை ஒரு வரிக்கு நகர்த்தினார். "எடுப்பு. தொழில்லேருந்து வீட்டுக்கு எடுத்த பணம். உங்க மச்சான் மாசச் செலவுக்கு மட்டும் எடுத்திருக்கார். நீங்க பாருங்க."

பார்த்தேன். பையனை ஊட்டியில் போர்டிங் பள்ளியில் சேர்த்தது. ஜீப்புக்கு முன்பணம். மனைவிக்குச் சங்கிலி. லாபம் என்று ஆடிட்டர் சொன்ன ஒவ்வொரு வருஷமும், "லாபம் வந்திருக்குதுல்ல, குடுங்க மச்சான்" என்று கேட்டேன். "செரிங்க மாப்ள" என்று கொடுத்தார். கொடுத்ததைத் தேதி போட்டு எழுதியும் வைத்திருந்தார். அவருடைய கான்கிரீட் கூரைக்கு அந்த வரியில் ஒரு பைசாகூட இல்லை; வெளியே கடன் வாங்கித்தான் போட்டிருக்க வேண்டும்.

"இருபத்தெட்டுல நாப்பத்தாறு போனா?" என்று கேட்டார் அந்த அம்மாள். கேட்டது என் மனைவியிடம் இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

நான் அந்த வரியை மறுபடி வாசித்தேன். அவரே கழித்துக் காட்டினார்.

"பதினெட்டாயிரம் மைனஸ். உங்க முதல் முடிஞ்சுபோய், அதுக்கு மேல பதினெட்டாயிரம் எடுத்திருக்கீங்க. அது உங்க பணமில்லை. அவரோட முதல்."

 என் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜை மேல், அந்தத் தாளின் மேல் வைத்தாள். 

கோத்தகிரிக்கு மறுநாளே போனேன். மச்சான் வீட்டு முற்றத்தில் நின்று, உள்ளே கூப்பிடும் வரை காத்திருக்காமல், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அடித்தண்ணீர், குச்சி, பட்டியல், பதினெட்டாயிரம். தப்பு என்னுடையது என்றேன். மன்னிக்க வேண்டும் என்றேன். என் வாழ்நாளில் அந்த வார்த்தையை அதற்கு முன்பு யாரிடமும் சொன்னதில்லை. அவர் திருப்பித் திட்டுவார், கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார் என்று எதிர்பார்த்தே போயிருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"படிச்சீங்களா?" என்று கேட்டார்.

"படிச்சனுங்க."

"செரி" என்றார்.

அடுத்த கூலி நாளில் ஆட்களுக்கு எதிரிலும் சொன்னேன். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். மச்சான் கூட்டுத் தொழிலிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். பின்வரிசையைத் திரும்பக் காய்ச்சினோம். பதினைந்து டிரம்மிலிருந்து மொத்தம் மூன்று தகர டின் தைலம் வந்தது. ஜீப்பை விற்றேன். மச்சானுடைய முதல் பணத்தை, கூலிக்கு வாங்கிய கைமாற்று உட்பட, தவணை தவணையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்த்து ரசீது எழுதிக் கொடுத்தார். அந்த வருஷத்திலிருந்து வரி வரியாகப் படிக்காமல் நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆடிட்டர் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். நான் கேட்கிற கேள்வி அப்படி.

அந்தத் தீபாவளிக்கு மச்சான் தங்கைக்குச் சீர் கொண்டுவருவாரா மாட்டாரா என்று வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஒரு வாரமாக மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தின நாள் மத்தியானம், நல்ல தூறலில், கேட்டுக்கு வெளியே ரோட்டில் குடையோடு நின்றிருந்தார். கையில் துணிப்பை. கேட்டைத் திறக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அவள் பார்த்துவிட்டு ஈரத்தில் வெறுங்காலோடு ஓடினாள். சேலையும் பலகாரமும் அவள் கையில் கொடுத்தார். அவள் ஏதோ சொல்லி அழுதாள். அவர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் படியிறங்கிக் கேட்டு வரை போனேன்.

"உள்ள வாங்க மச்சான்" என்றேன்.

"இருக்கட்டுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார். மாப்ள என்று சொல்லவில்லை.

கோத்தகிரி பஸ் அப்போதுதான் எங்களைத் தாண்டிப் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் மழையில் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.